குழாய்த் தண்ணீர் சரியில்லை, மீன் வளர்க்க முடியுமா?

முடியும். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும் வீட்டிலும் கப்பியும் மோலியும் குட்டி மேல் குட்டி போட்டுத் தள்ளும். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடையோடு வரும் தண்ணீரையும் ஒழுங்காகக் கையாண்டால் டெட்ரா கூட்டம் நிம்மதியாக நீந்தும். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏற்ற ஒரு பாட்டில், இறக்க ஒரு பாட்டில், 'மீனுக்கு நல்லது' என்று இன்னொரு பாட்டில் என ஊற்ற ஆரம்பிக்கும்போதுதான் சிக்கலே வருகிறது. கொஞ்சம் மோசமான, ஆனால் மாறாத தண்ணீருக்கு மீன் பழகிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு குணம் காட்டும் தண்ணீருக்கு எந்த மீனும் பழகாது.

20 லிட்டரிலிருந்து 60 லிட்டர்வரை பிடிக்கும் தொட்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 200 லிட்டர் தொட்டியில் ஒரு வாளி தவறான தண்ணீர் விழுந்தால் மீனுக்குத் தெரியாமலேகூடப் போகலாம். 30 லிட்டர் தொட்டியில் அதே 10 லிட்டர் வாளி, மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளர்

சோதனைக் கருவி வாங்குவதற்கு முன்னால், குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பால் கலந்ததுபோல வெளுத்து வந்து, அடியிலிருந்து மேல்நோக்கி மெல்லத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழ். குழாய் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும் காற்று மீனின் செவுளிலும் துடுப்பிலும் குமிழாகத் தங்கிவிடலாம். வாளியில் சில மணி நேரம் வைத்திருந்தால் போதும்.

பிடிக்கும்போது பளிங்குபோல இருந்துவிட்டு, இரவு கழிந்ததும் மஞ்சளாகவோ துருப்பிடித்த நிறத்திலோ மாறினால் இரும்பு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இது சகஜம். ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் குமிழ் விட்டால் இரும்பு துகளாகப் படியும். மேல் தண்ணீரை மட்டும் பஞ்சு அல்லது துணி வழியாக வடிகட்டி எடுக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதற்கும் காற்றுதான் மருந்து. டம்ளர் காய்ந்த பிறகு வெள்ளை வளையம் விட்டால் கடின நீர் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். வாடையே இல்லையென்றால் கிருமிநாசினியும் இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். குளோரமைன் கலந்த தண்ணீர் பெரிதாக வாடை அடிக்காது.

எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கரைந்திருக்கும் மொத்த உப்பு எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். 600 என்று காட்டினால் அந்த 600 சுண்ணாம்புச் சத்தா, சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது ஜிஎச், கேஎச், பிஎச் என்ற மூன்றும், கூடவே மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, அது மாறி உண்டாகும் நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றின் சோதனைகளும்.

ஜிஎச் என்பது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு. மீனின் உடல் உணரும் கடினத்தன்மை இதுதான். கேஎச் என்பது கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு. பிஎச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கையிருப்பு அது. இரண்டையும் 'டிகிரி' கணக்கில் சொல்வார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.9 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். சில கருவிகள் பிபிஎம்மில் (லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று) காட்டும். அதை 17.9ஆல் வகுத்தால் டிகிரி வந்துவிடும். தோராயமாக, ஜிஎச் 8-க்குக் கீழே என்றால் மென்நீர், 8 முதல் 12 நடுத்தரம், 12-க்கு மேல் கடினம், 18-ஐத் தாண்டினால் மிகக் கடினம்.

நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டையைவிடச் சொட்டு மருந்து சோதனை நம்பகமானது. கேஎச் பார்ப்பதென்றால் சோதனைக் குழாயில் 5 மி.லி. கோடுவரை தண்ணீர் எடுங்கள். முதல் சொட்டு விட்டதும் நீலமாகும். ஒவ்வொரு சொட்டுக்கும் மூடி குலுக்கி, வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு சொட்டில் நீலம் கலங்கிச் சட்டென்று மஞ்சளாகும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் உங்கள் கேஎச். பல கருவிகளில் ஜிஎச்சும் இதே முறைதான், நிறங்கள் மட்டும் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும். 2, 3 சொட்டிலேயே நிறம் மாறிவிடுகிற மென்நீர் என்றால் 10 மி.லி. எடுத்துச் செய்யுங்கள், அப்போது ஒரு சொட்டு அரை டிகிரி, கணக்கு நுணுக்கமாக வரும்.

பிஎச்சை மட்டும் இரண்டு முறை பாருங்கள்: குழாயிலிருந்து பிடித்தவுடன் ஒரு முறை, காற்றுக் குமிழ் விட்டு 24 மணி நேரம் வைத்த பிறகு ஒரு முறை. நிலத்தடி நீரில் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருக்கும். பிடித்தவுடன் 7 காட்டுகிற தண்ணீர் மறுநாள் 8 காட்டும். தொட்டியில் கடைசியில் நிற்கப்போவது அந்த இரண்டாவது எண்தான். இது தெரியாமல், 'ஊற்றும்போது 7 இருந்தது, தொட்டியில் ஏறிவிட்டது, என்ன கோளாறு' என்று ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

குளோரின், குளோரமைன்

இதில் மட்டும் சமரசமே கிடையாது. குளோரின் செவுளை அரிக்கும், ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான வாளியில் திறந்து வைத்து, ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் குழாயின் நுனியில் மாட்டும் குமிழ்க் கல்) போட்டு ஒரு நாள் விட்டால் சாதாரண குளோரின் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். குளோரமைன் அப்படிப் போகாது. குளோரினையும் அமோனியாவையும் சேர்த்துச் செய்வது அது. நீண்ட தூரக் குழாயில் வீரியம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே குடிநீர் நிலையங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆகவே 'ஒரு நாள் வைத்தால் போதும்' என்ற பழைய அறிவுரை எல்லாத் தண்ணீருக்கும் பொருந்தாது.

உங்கள் தண்ணீரில் எது என்று தெரியவில்லையா? குழாய்த் தண்ணீரை நேரடியாக அமோனியா சோதனை செய்து பாருங்கள். எண் வந்தால் குளோரமைன் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது, வெறும் சோடியம் தயோசல்பேட் மட்டும் உள்ள ஆன்டி-குளோரின் போதாது. அது குளோரினை முறித்துவிட்டு அமோனியாவைத் தொட்டியிலேயே விட்டுவிடும். குளோரமைன், அமோனியா இரண்டையும் கட்டுப்படுத்தும் என்று லேபிளில் தெளிவாகப் போட்டிருக்கும் வாட்டர் கண்டிஷனராகப் பார்த்து வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. வாளியில் மருந்து கலந்துவிட்டுப் பிறகு தொட்டியில் ஊற்றினால், வாளித் தண்ணீருக்கு உரிய அளவு போதும். குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்குள் விடுவதென்றால், தொட்டியின் மொத்தக் கொள்ளளவுக்கு முன்கூட்டியே மருந்து விட வேண்டும். சின்னத் தொட்டிக்கு வாளிதான் நல்லது. தயாரிப்பாளர் சொன்னதைவிடக் கண்மூடித்தனமாகக் கூட்டவும் வேண்டாம். பல கண்டிஷனர்கள் அதிகமானால் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனையும் குறைத்துவிடும்.

அப்புறம், ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழிந்து எடுத்தால் போதும்.

தண்ணீருக்கு ஏற்ற மீன்

தண்ணீரை மாற்றுவதைவிட மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எவ்வளவோ லேசு. கடினமான, பிஎச் 7.5-க்கு மேல் உள்ள தண்ணீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் இருக்கின்றன. இவை அந்தத் தண்ணீரைச் சகித்துக்கொள்வதோடு நிற்பதில்லை, அதையே விரும்பும். மோலியை மென்நீரில் விட்டால்தான் உடலை ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கும். நத்தை வளர்ப்பவர்களுக்கும் கடின நீர் வரப்பிரசாதம். கால்சியம் குறைந்தால் அவற்றின் ஓடு அரித்துப் போகும்.

மென்நீர் வருகிறதென்றால் நியான் டெட்ரா, ராஸ்போரா, குள்ள வகைச் சிக்லிட்கள். ஃபைட்டர் மீன் இரண்டிலும் சமாளிக்கும். பண்ணையில் தலைமுறைகளாக வளர்ந்த மீன்கள், காட்டு ஆற்றில் பிடித்தவற்றைவிட அகலமான வரம்பைத் தாங்கும் என்பதால் புத்தகத்தில் போட்டிருக்கும் பிஎச் எண்ணுக்கு மிகவும் பயப்பட வேண்டாம். டிஸ்கஸ், காட்டில் பிடித்த கார்டினல் டெட்ரா போன்றவற்றை மட்டும் கடின நீர்க்காரர்கள் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

கடினத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால்

சரி, மென்நீர் மீன்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நம்பகமான வழி ஒன்றுதான்: ஆர்.ஓ. தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலப்பது. வேண்டிய ஜிஎச்சைக் குழாய் ஜிஎச்சால் வகுத்தால், கலவையில் குழாய்த் தண்ணீரின் பங்கு கிடைக்கும். குழாயில் 20 டிகிரி, உங்களுக்கு வேண்டியது 8 என்றால் 8-ஐ 20-ஆல் வகுக்க 0.4. அதாவது 10 லிட்டர் வாளியில் 4 லிட்டர் குழாய்த் தண்ணீர், 6 லிட்டர் ஆர்.ஓ. கேஎச்சும் இதே விகிதத்தில் இறங்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் தாது சேர்க்கும் பகுதி இருக்கும், சிலவற்றில் கொஞ்சம் கச்சாத் தண்ணீரையும் கலந்துவிடுவார்கள். அதனால் ஆர்.ஓ. என்றாலே பூஜ்யம் என்று நினைக்காமல் அதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர், குழாய்த் தண்ணீரைவிடக் கடினமானது. அது தொட்டிக்கு ஆகாது.

தனி ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும் மீன் விடக் கூடாது. அதில் தாதும் இல்லை, கேஎச்சும் இல்லை.

வீட்டில் உப்புப் போட்டு ஓடும் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால், அது வேறு கதை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. ஜிஎச் பூஜ்யத்துக்கு வரும், கேஎச்சும் பிஎச்சும் அப்படியே நிற்கும். துணிக்கு நல்லது, நியான் டெட்ராவுக்கு இல்லை. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் எடுங்கள்.

பாதாம் மரத்து இலை, மரக்கட்டை, பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேஎச் குறைந்த தண்ணீரில் இவை பிஎச்சை மெல்ல இறக்கும். கேஎச் 12, 15 இருக்கும் தண்ணீரில் எத்தனை இலை போட்டாலும் நிறம்தான் பழுப்பாகும், பிஎச் அசையாது. பாட்டிலில் வரும் அமிலமும் இப்படித்தான். ஊற்றியவுடன் பிஎச் இறங்கும், மறுநாள் கேஎச் அதை மேலே தூக்கிவிடும், நீங்கள் மறுபடி ஊற்றுவீர்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் அடிபடுவது மீன். பிஎச்சை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கேஎச்சைக் குறையுங்கள், பிஎச் தானாகப் பின்னால் வரும்.

தொட்டியில் ஏற்கெனவே மீன் இருந்தால் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். வாரம் 25 சதவீதம் கலவைத் தண்ணீராக மாற்றிக்கொண்டே வந்தால், நான்கு வாரத்தில் பழைய தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டிருக்கும். மீன் அதை உணராது.

தண்ணீர் மிகவும் மென்மையாக இருந்தால்

இதைப் பலர் ஒரு பிரச்சினையாகவே நினைப்பதில்லை. ஆனால் சின்னத் தொட்டியில் கடின நீரைவிட அதிகம் ஏமாற்றுவது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஃபில்டர் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது கேஎச் செலவாகிறது. ஒரு மி.கி. அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 மி.கி. காரத்தன்மை போகும். கேஎச் 1 அல்லது 2 மட்டுமே உள்ள தண்ணீரில் இந்தக் கையிருப்பு சத்தமில்லாமல் தீரும். தண்ணீர் மாற்றாமல் சில மாதம் விட்டால் பிஎச் 6-க்குக் கீழே சரிந்து, பாக்டீரியாவும் வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். அமோனியா சேரும். ஆனால் அந்த அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் விஷம் குறைந்த அமோனியமாகவே இருப்பதால் மீன் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அப்போது யாராவது 'தொட்டியைச் சுத்தம் செய்கிறேன்' என்று பாதித் தண்ணீரைப் புதிதாக மாற்றினால் பிஎச் குபீரென்று ஏறும், அமோனியமும் விஷ அமோனியாவாக மாறும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7-இல் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும்; பிஎச் 8-இல் அது 5 சதவீதத்தைத் தாண்டும். நல்லது செய்யப்போன அன்றே மீன் சாவதற்கு இதுதான் காரணம். இப்படி நெடுநாள் கவனிக்காத தொட்டியில் ஒரு நாளைக்குப் பத்து சதவீதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கேஎச்சைக் கூட்டுவது எளிது. நொறுக்கிய பவளத் துகளோ கழுவிய சிப்பி ஓடோ ஒரு வலைப் பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால், தண்ணீர் அமிலமாகும்போது அது கரைந்து ஜிஎச், கேஎச் இரண்டையும் தூக்கும். அவசரமென்றால் சமையல் சோடா. 50 லிட்டருக்கு ஒன்றரை கிராம் போட்டால் கேஎச் ஒரு டிகிரி உயரும். தனிக் கிண்ணத்தில் கரைத்து, ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் விடுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். கல்லுப்பும் ஜிஎச்சையோ கேஎச்சையோ கூட்டாது.

வாராந்தர வேலை

வாரம் 20 முதல் 25 சதவீதம் தண்ணீர் மாற்றுவது சின்னத் தொட்டிக்குச் சரியான அளவு. முந்தின நாளே வாளியில் பிடித்து, கண்டிஷனர் விட்டு, ஏர் ஸ்டோன் போட்டு வைத்துவிடுங்கள். மறுநாள் அதன் வெப்பம் தொட்டியோடு ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். சூடு ஏற்ற வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். கீசரிலும் செம்புக் குழாயிலும் நின்ற சுடுநீரில் செம்பு கரைந்திருக்கும், இறாலுக்கு அது கொடிய விஷம்.

தண்ணீர் வற்றும்போது என்ன ஊற்றுகிறோம் என்பதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். தாது எல்லாம் தொட்டியிலேயே தங்கும். 15 டிகிரி கடின நீர் நிரம்பிய 30 லிட்டர் தொட்டியில் வாரம் 3 லிட்டர் வற்றுகிறது, நீங்கள் அதே குழாய்த் தண்ணீரை ஊற்றி மட்டம் சரிசெய்கிறீர்கள், தண்ணீர் மாற்றுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வாரத்தில் கடினம் 30 டிகிரி ஆகியிருக்கும். எனவே வற்றின தண்ணீருக்கு ஆர்.ஓ., மாற்றும் தண்ணீருக்கு வழக்கமான கலவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் மேல் ஓரத்தில் படியும் வெள்ளைக் கோட்டை, தண்ணீர் மட்டம் கீழே இருக்கும்போது வினிகர் நனைத்த துணியால் துடைக்கலாம். துடைத்ததை உள்ளே வழியவிடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால், எவ்வளவு மாற்றினாலும் தொட்டியில் அதற்குக் கீழே இறங்காது. ஆர்.ஓ. கலப்பது ஒரு வழி. வேகமாக வளரும் மிதக்கும் செடிகளும், தண்ணீருக்குள் வேர் மட்டும் இறக்கிய மணிபிளான்ட்டும் இன்னொரு வழி.

புது மீன் வாங்கி வந்தால், பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, பிறகு சில நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டித் தண்ணீரைச் சிறு கோப்பையால் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம்.

தண்ணீர் மாற்றிய பின் மீன் மேலே வந்து வாய் பிளந்தால்

செவுள் படபடவென்று அடிக்கிறது, மீன் கண்ணாடியில் மோதி ஓடுகிறது, மேல் மட்டத்தில் வாய் பிளந்து நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் குளோரின். குடிநீர் நிலையத்தில் திடீரென்று அளவைக் கூட்டியிருக்கலாம். மழைக்குப் பின்னும் குழாய் பழுது பார்த்த பின்னும் அப்படிச் செய்வதுண்டு. நேற்றுவரை ஒத்துவந்த தண்ணீர் இன்று ஒத்துவராததற்கு இதுவே காரணமாக இருக்கும். உடனே தொட்டியின் மொத்த அளவுக்குக் கண்டிஷனர் விடுங்கள், ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். பதறிப் போய் மறுபடி குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றாதீர்கள். முன்பே பிடித்து மருந்து கலந்து வைத்த வாளி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரம் கழித்து அமோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள், குளோரின் ஃபில்டர் பாக்டீரியாவைத் தாக்கியிருந்தால் அடுத்த சில நாளில் இரண்டும் ஏறும். ஏறினால் தினமும் சோதித்து, பதப்படுத்திய தண்ணீரில் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு வாருங்கள். எண்கள் பூஜ்யத்துக்கு வரும்வரை தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், புது மீன் எதையும் சேர்க்காதீர்கள்.